உள்பக்கத் தாழ்ப்பாள்

லாரியை இன்றைக்கே ஊரை விட்டு எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் கொளுத்திவிடுவது. கோயில் வாசலில் நின்று விருமாண்டி முடிவாகச் சொல்லிவிட்டார்.

அன்று சிவராத்திரி. சாயங்காலம் சாமியின் நகையும் துணியும் வைத்த சாமிப்பெட்டி ஊர்வலமாகக் கிளம்ப வேண்டும். பெட்டியைத் தலையில் தூக்குகிறவர் அவர்தான். விரதத்தில் இருப்பவர். அவர் சொன்னால் ஊர் கேட்கும்.

லாரி நல்லகாமனுடையது. பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பிய ஆள். சும்மா இருக்க முடியவில்லை. ராணுவம் கழித்துப்போட்ட லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்தார். ஒத்தக்கடைப் பட்டறையில் போட்டு எஞ்சினைப் பிரித்துப் பூட்டினார். துரு சுரண்டினார். தார்ப்பாய் கிடந்த பின்பக்கத்தைத் தகரத்தால் அடைத்து, ஜன்னல் வைத்து, அறை ஆக்கினார். உள்ளே அடுக்குக் கட்டில், ஃபேன், அடுப்பு, கக்கூஸ். மேலே தண்ணீர்த் தொட்டி.

காஷ்மீர் வரை இதிலேயே போகிறேன், இதிலேயே ஆக்கித் தின்று இதிலேயே படுப்பேன் என்றார். ஊர் சிரித்தது. பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு யாரை ஏற்றிக்கொண்டு போகப்போகிறாய் என்று விருமாண்டியே கிண்டல் செய்தார்.

"மேல் கட்டில் காலியாத்தான் கிடக்கு மாப்ள. வாரியா?" என்றார் நல்லகாமன்.

ஐப்பசியில் கிளம்ப வேண்டிய லாரி. மாசி வந்தும் கிளம்பவில்லை. ஊருக்கு வெளியே புளியந்தோப்பில் நின்றுகொண்டே இருந்தது. கேட்டால், டயர் சரியில்லை என்பார். அடுத்த முறை கேட்டால், அங்கே பனி குறையட்டும் என்பார்.

ஆடு மேய்க்கப் போன வெள்ளைத்துரைதான் முதலில் கண்டுபிடித்தான். லாரிக்குள் பெண்கள் பேசும் சத்தம் கேட்கிறதாம். சிரிப்பு வேறு. குழம்பு கொதிக்கிற வாசம் வருகிறதாம். ஆனால் நல்லகாமன் ஊருக்குள் தன் வீட்டில்தான் படுக்கிறார்.

"அப்ப உள்ள இருக்கிறது யாருண்ணே? எங்கிட்டிருந்தோ கூட்டியாந்து தொழில் நடத்துறாரு" என்றான் விருமாண்டியிடம்.

அது போதாதா? அன்றிலிருந்து நல்லகாமனிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பெஞ்சு காலியானது.

சாமி கிளம்புகிற நாளில் இந்த அசிங்கம் எல்லைக்குள் இருக்கக் கூடாது. உச்சி வெயிலில் கூட்டம் புளியந்தோப்புக்குத் திரண்டது. வெள்ளைத்துரை மண்ணெண்ணெய்க் கேனோடு வந்தான்.

நல்லகாமனும் ஓடி வந்தார். எப்படியோ தகவல் போயிருக்கிறது. லாரியின் பின்கதவுக்கு முன்னால் குறுக்கே நின்றார். மூச்சு வாங்கியது.

"கதவைத் திற மச்சான்" என்றார் விருமாண்டி.

"என்னால திறக்க முடியாது. வெளியே பூட்டே கிடையாது. உள்பக்கம்தான் தாழ்ப்பாள்."

"உள்ள யாரு?"

நல்லகாமன் கதவோடு இன்னும் ஒட்டி நின்றார்.

யார் என்று சொல்லிவிட்டால் உன்னை விட்டுவிடுகிறோம், பிரச்சினை வண்டியோடு போகட்டும் என்று பெரியவர்கள் இரண்டு பேர் சமாதானமாகக் கேட்டுப் பார்த்தார்கள். நல்லகாமன் தலையை ஆட்டினார். வண்டியை நாளைக்குத் தானே எடுத்துவிடுவதாகவும், இன்று ஒரு பொழுது விடும்படியும் கெஞ்சினார். பட்டாளத்து ஆள் கெஞ்சி அந்த ஊர் பார்த்ததில்லை. அதுவே சந்தேகத்தை உறுதியாக்கியது.

விருமாண்டி முன்னால் போனார்.

"இங்க கைய வைக்காத மாப்ள. நீ பெட்டி தூக்குறவன். சொன்னாக் கேளு, போயிரு."

"சாமியச் சொல்லி என்னையவே மிரட்டுறியா?"

பிடித்துத் தள்ளினார். நல்லகாமன் சக்கரத்தின் மேல் போய் விழுந்தார். நெற்றியில் ரத்தம். வெள்ளைத்துரை கேன் மூடியைத் திருகினான். விருமாண்டி கதவைத் தட்டக் கையை ஓங்கினார்.

"தொடாதீக."

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல். ஓங்கிய கை அப்படியே நின்றது. அது பாண்டீஸ்வரியின் குரல். விருமாண்டியின் பெண்டாட்டி.

"இப்ப இதுதான் முட்டு வீடு. தீட்டுப் பட்டா அப்புறம் பெட்டிய யாரு தூக்குறது?"

மாதவிலக்கான பெண்கள் அந்த நாட்களில் ஊருக்கு வெளியே முட்டு வீட்டில்தான் தங்க வேண்டும். அந்த ஊர்க் கட்டுப்பாடு அது. ஆண்கள் அந்தத் திசைப்பக்கமே போக மாட்டார்கள். பேச்சும் எடுக்க மாட்டார்கள்.

கூட்டம் தானாகப் பின்னால் நகர்ந்தது. உள்ளேயிருந்து இன்னொரு குரல், கேனைக் கீழே வைக்கச் சொல்லி வெள்ளைத்துரையை அதட்டியது. அவன் தங்கச்சி. வைத்தான்.

விருமாண்டி ஓங்கிய கையை இறக்கினார். நல்லகாமனைப் பார்த்தார். அவர் துண்டால் நெற்றியை அழுத்திக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

"ஐப்பசி மழையில முட்டு வீட்டுச் சுவரு விழுந்துச்சு" என்றாள் பாண்டீஸ்வரி. கதவு திறக்கவில்லை. "எடுத்துக் கட்டித் தாங்கன்னு கேட்டோம். கோயில் வேலை முடியட்டும்னீக. காஷ்மீருக்குக் கிளம்பி நின்ன அண்ணன்தான், இதுல படுங்க தாயின்னு வண்டிய நிறுத்திட்டுப் போச்சு. யாருகிட்டயும் சொல்லாதீகன்னு நாங்கதான் சத்தியம் வாங்கினோம். கட்டுப்பாட்டை மீறிட்டோம்னு வண்டிய விரட்டிருவீகன்னு பயம்."

பாண்டீஸ்வரி குரலை உயர்த்தினாள்.

"லாரிக்குள்ள யாரு படுக்குறான்னு கேக்க இன்னைக்கு இம்புட்டுப் பேரு வந்திருக்கீக. சுவரு விழுந்ததுலேருந்து உங்க பொண்டாட்டி எங்க படுக்குறான்னு ஒரு நாளாச்சும் கேட்டீகளா?"