விருந்தினர் குழி

குழிக்குள் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது, அது எவ்வளவு வசதி என்று.

முதுகுக்குச் சாய்மானம் இருந்தது. கால் நீட்ட இடம் இருந்தது. சிவப்புக் கம்பளம் நேராக அவள் மூக்கு நுனிவரை வந்து நின்றது.

மகாராணிகளுக்குக்கூட இப்படி விரித்திருக்க மாட்டார்கள்.

முப்பது வருடம் மின்கட்டணக் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் அவள். உட்காருவது அவளுக்குத் தொழில். வரிசை அனுமார் வாலாக நீண்டு அடுத்த மாவட்டத்தில் போய் முடிந்த நாட்களிலும் அவள் நாற்காலி ஓர் அங்குலம் அசைந்ததில்லை.

மலைச்சரிவு முழுக்கக் குழிகள். அம்மை வார்த்ததுபோல.

குழிகளுக்கு நடுவே, புல்.

அந்தப் புல்லுக்காகத்தான் எல்லாம்.

வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டுப்போன சீகை மரம் இந்தக் காப்புக்காட்டை மூடிக் கிடந்தது. ஓய்வு பெற்ற கிழடுகள் சிலபேர் சேர்ந்து வனத்துறையிடம் அனுமதி வாங்கி, சனிக்கிழமை தவறாமல் வந்து பிடுங்கினார்கள். ஒவ்வொரு வேரும் பாதாள லோகத்தில் நங்கூரம் போட்டிருந்தது. ஒன்றைப் பிடுங்கும்போது மறுமுனையை அமெரிக்காவில் யாரோ பிடித்து இழுத்தார்கள் என்று அவள் சத்தியமே செய்வாள்.

சீகை போனது. வெயில் தரையைத் தொட்டது. மண்ணுக்குள் உறங்கிக் கிடந்த புல் தானாக எழுந்து வந்தது. சரிவின் அடியில் செத்துப்போயிருந்த ஓடை, போன கோடையில் முணுமுணுக்க ஆரம்பித்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் பிலோமினா காரியத்தைக் கெடுத்தாள்.

பிலோமினா அவளுடைய கூட்டாளி. சரிவைப் படம் எடுத்து வாட்ஸப்பில் போட்டாள். ‘பாருங்கள், ஒரு மரம்கூட இல்லை!’ என்று பெருமையாக எழுதி, கைதட்டும் பொம்மைகளையும் வரிசையாக ஒட்டினாள்.

படம் மலையிறங்கி, சென்னையில் ஒரு பெரிய கம்பெனி சேர்மனின் கைபேசியில் போய் விழுந்தது.

ஒரு மரம்கூட இல்லையாமே என்று அவர் கண்கலங்கினாராம்.

லாரி நிறையப் புங்கன் கன்றுகள் வந்தன. பந்தல் வந்தது. பேனர் வந்தது. கம்பளம் வந்தது.

கன்று மரமாகி நிழல் விழுந்தால் புல் சாகும், ஓடையும் கூடவே போகும் என்று ஏறாத படியெல்லாம் ஏறிச் சொல்லிப் பார்த்தார்கள். சும்மா கிடக்கிற இடம்தானே என்றார்கள் அதிகாரிகள்.

சும்மா கிடக்கிற இடம்.

அந்தச் சொல்தான், சேர்மன் முதல் கன்றை நடவிருந்த குழிக்குள் அவளை இறக்கியது.

காதில் ஒயர் மாட்டிய ஏற்பாட்டுக்காரன் ஒருவன் ஓடி வந்தான். ஆன்ட்டி, சாருக்கு நேரமே இல்லை என்றான். எனக்கு நிறைய இருக்கிறது, வேண்டுமானால் அவருக்குக் கொஞ்சம் தருகிறேன் என்றாள்.

ரேஞ்சர் திரவியம் வந்து குனிந்தார். நல்ல மனிதர். மேலிடத்து உத்தரவுக்கும் இந்தக் கிழடுகளுக்கும் நடுவே ஒரு மாதமாகச் சட்னியாகிக்கொண்டிருந்தவர். இனி உங்களில் ஒருத்தரும் இந்தக் காட்டுக்குள் கால் வைக்க முடியாது, அனுமதியை ரத்து செய்துவிடுவார்கள் என்று மெல்லச் சொன்னார். அது மிரட்டல் இல்லை, உண்மை என்று அவளுக்குத் தெரியும்.

“எந்திரிங்கம்மா. என் வேலைக்கும் சேத்து வேட்டு வச்சிருவீங்க போல.”

அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இரண்டு காவலர்கள் அவளை மேலும் கீழும் பார்த்தார்கள். கிரேன் வேண்டும் என்று தோன்றியிருக்கும். பெண் போலீசுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

அதற்குள் சேர்மன் வந்துவிட்டார்.

மேலே வேறு குழிகள் இருக்கின்றன என்று யாரோ அவர் காதில் சொன்னார்கள். அவர் சரிவைப் பார்த்தார். தன் ஷூவைப் பார்த்தார். மேலே அட்டைகள் ரத்தம் குடிக்க எழுந்து நின்று காத்திருந்தன, ஒவ்வொன்றும் மொந்தன் பழம் தடிமன். கம்பளம் இங்கேதான் முடிந்தது. பேனர் இங்கேதான் இருந்தது. ஆசியாவில் உள்ள கேமராக்கள் அத்தனையும் இங்கேதான் இருந்தன.

கையில் பூவாளியோடு அவர் சிரித்தபடி நின்றார். அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவள் தலையை நிமிர்த்தினாள்.

“நட்டாச்சு சார். தண்ணி ஊத்துங்க.”

பனிமூட்டம்கூட நின்று பார்த்தது.

கேமராக்கள் காத்திருந்தன. எத்தனையோ விழாக்களில் பழகிய கை, தானாகச் சாய்ந்தது.

ஊற்றிவிட்டார்.

இமயமலை மொத்தமும் உருகி அவள் உச்சந்தலையில் இறங்கியது. அவள் கண் சிமிட்டவில்லை. பழக்கதோஷத்தில் யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள்.

அத்தோடு விழா முடிந்தது.

கன்றுகளைச் சாயங்காலத்துக்குள் நட்டு முடிக்கும்படி ரேஞ்சரிடம் சொல்லிவிட்டுக் கார்கள் மலையிறங்கின.

பிலோமினா துண்டோடு ஓடி வந்து அவள் தலையைத் துவட்டினாள். துவட்டிக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள். அந்த வாட்ஸப்பைத் தூக்கி ஓடையில் போடு என்றாள் அவள்.

திரவியம் லாரியைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு வனக்காவலர் ஒருவரிடமிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டு, தனியாகச் சரிவின் உச்சிக்கு ஏறினார்.

கன்று எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

மேலே மண் விழும் சத்தம் கேட்டது.

குழியை மூடினார். தோண்டியபோது வெட்டி ஓரத்தில் போட்டிருந்த புல் பத்தையை எடுத்தார். பச்சை மேலே இருக்கும்படி அதன்மேல் வைத்தார். உள்ளங்கையால் தட்டிக் கொடுத்தார். அடுத்த குழிக்கு நகர்ந்தார்.

அவள் பக்கம் திரும்பவில்லை.

வரிசை வரிசையாக மூடியபடி இறங்கி வந்தார்.

கடைசியில், அவள் இன்னும் உட்கார்ந்திருந்த குழி மட்டும் மிச்சம் இருந்தது. அதற்கான புல் பத்தை காற்றில் காய்ந்துகொண்டிருந்தது.

அதன்மேல் ஓர் ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டு, அவளுக்குப் பக்கத்தில், குழியின் விளிம்பில் உட்கார்ந்தார்.