எட்டாவது வாசல்

வரப்போரம் வளை தோண்டிய எலிக்கு முன்யோசனை கொஞ்சம் அதிகம். வெள்ளம் வந்தால் ஓட ஒரு வாசல், கீரி வந்தால் ஓட இன்னொன்று என்று ஏழு வாசல் வைத்துவிட்டது.

"ஏங்க, வலி எடுத்துடுச்சு. குட்டி போட ஒரு அறை தோண்டுங்க, போதும்," என்று கெஞ்சியது மனைவி.

"இருடி. இப்போ நமக்குத் தெரியாத தேவை ஏதாவது நாளைக்கு வரும். அதுக்கும் ஒரு வாசல் வச்சிட்டு வர்றேன்."

அறை இல்லாமல் குட்டிகள் நடைவழியிலேயே பிறந்தன. எட்டாவது வாசல் வழியாக நுழைந்த பாம்பு தாயையும் குட்டிகளையும் விழுங்கியது. ஏழாவது வழியாக எலி மட்டும் தப்பியது.

"பாம்பை யோசிக்காம விட்டுட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டது. பிறகு, தான் மட்டும் இருக்கப்போகும் புது வளைக்கு ஒன்பது வாசல் குறிக்க ஆரம்பித்தது.