வாழையடியில் மணத்த பிரண்டி

"போத்தல் எங்க?"

அலுமாரியின் கடைசித் தட்டுவரை துழாவிவிட்டுத் திரும்பினாள் மார்த்தா. நத்தார் கேக்குக்குப் பழமெல்லாம் வெட்டி ஆயத்தம். ஊறப்போட வாங்கி வைத்த பிரண்டியைத்தான் காணவில்லை.

கதிரையில் இருந்து கருவாட்டுச் சாக்குத் தைத்துக்கொண்டிருந்த பேதுரு தலை நிமிரவில்லை.

"எனக்கென்ன தெரியும்?"

"கொல்லையில வாழையடி கமகமவென்டு மணக்குதே, அது என்ன சாம்பிராணியா?"

"மூக்கு உன்னட்ட இருக்கு. நீயே கண்டுபிடி."

"நத்தார் வரைக்கும் தொடமாட்டன் என்டு மாதா சுரூபத்துக்கு முன்னால நேர்த்தி வச்சது இந்த வாய்தானே? ரெண்டு கிழமை தாங்கல்லையே!"

"சரி, குடிச்சன் என்டே வச்சுக்கொள். இப்ப என்ன செய்யப் போறாய்?"

கற்பிட்டிச் சந்தையில் பத்து ரூபாய்க்கு அரை மணித்தியாலம் பேரம் பேசுகிற வாய் அது. அதோடு மல்லுக்கட்ட மார்த்தாவுக்கு நேரமில்லை. "லொறிக்கார ஜோர்ஜ் வீட்டில கொஞ்சம் வாங்கியாறன்" என்று கிளம்பினாள்.

"இன்னொரு போத்தல் இந்த வாசப்படி ஏறினா, நான் இந்த வீட்டில இருக்கமாட்டன்!"

களவெடுத்தவனுக்குத்தான் சத்தம் கூட என்று முணுமுணுத்தபடி, பழத்தைத் தோடம்பழச் சாற்றில் ஊறப்போட்டாள்.

அவளுடைய கோபம் பிரண்டிக்கு மட்டுமா? ஒரே மகள் புத்தளத்து முஆஸைக் கட்டி, இஸ்லாத்துக்கு மாறி ஸக்கியாவாகி ஐந்து வருஷம். முதல் நத்தாருக்கு இருவரும் வாசலில் வந்து நின்றபோது, முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியவர் இந்த மனிசன். அதற்குப் பிறகு மகளுடைய பெயரை எடுக்கவும் விடவில்லை.

போன வருஷம் மார்த்தா துணிந்து, புத்தளத்துக்கு லொறி ஓட்டுகிற ஜோர்ஜிடம் களவாக ஒரு கேக் கொடுத்தனுப்பினாள். வெட்டுப்படாமல் அப்படியே திரும்பி வந்தது. "வேணாமாம் அக்கா" என்றுவிட்டு ஜோர்ஜ் நழுவிவிட்டான். பெற்றவள் மேலும் பிள்ளைக்குக் கோபம்! அன்றிலிருந்து மார்த்தாவின் தலையணைக்குத்தான் தெரியும் அவள் பட்ட பாடு.

பாலன் பிறந்த நத்தார் காலைப் பூசையில் பங்குச் சுவாமி பிரசங்கம் வைத்தார்.

"பெத்லகேமில் நிறைமாத மாதாவுக்குக் கதவைச் சாத்தினவர்கள் பொல்லாதவர்கள் இல்லை, பிள்ளைகளே. உங்களையும் என்னையும் போல வீடு வாசல் உள்ளவர்கள்தான். இடம் இல்லை என்றார்கள், அவ்வளவுதான்."

மார்த்தா ஓரக்கண்ணால் பார்த்தாள். பேதுரு கோயில் கூரையில் ஓடு எண்ணிக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்த கையோடு பஸ் ஏறினார்கள். வருஷா வருஷம் சிலாபத்தில் பேதுருவின் தங்கச்சி வீட்டில்தான் நத்தார்ச் சாப்பாடு. கேக் பெட்டி அவர் மடியில் இருந்தது, இரண்டு கைக்குள்ளும்.

"பிரண்டியைக் குடிச்சவருக்குக் கேக்கில வந்த பாசத்தைப் பாருங்களன்."

"வாயை மூடிக்கொண்டு வா."

பாலாவிச் சந்தி வந்தது. இங்கே இறங்கித்தான் சிலாபத்துக்கு வேறு பஸ் பிடிக்க வேண்டும்.

"எழும்புங்க, சந்தி வந்திட்டுது."

பேதுரு அசையவில்லை.

"இஞ்சாருங்க, நித்திரையா? பஸ் புத்தளம் பக்கம் திரும்புது!"

"திரும்பட்டும். புத்தளத்துக்குத்தான் டிக்கட் எடுத்தன். குடுத்த காசை விட்டிட்டு இறங்கச் சொல்லுறியா?"

ஒரு வார்த்தை பேசினாலும் மனிசன் மனம் மாறிவிடுவாரோ என்று, மார்த்தா மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட்டாள்.

முஆஸின் வீட்டுக் கதவைத் தட்டிய பேதுரு, சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார்.

"சாத்தினாச் சாத்தட்டும். எனக்கு வரவேண்டியதுதான்."

கதவு திறந்தது. ஸக்கியா நின்றாள். இடுப்பில், தாத்தா இன்னும் கண்ணால் காணாத பேரன்.

சந்தையில் யாரும் கேட்டிராத குரலில் பேதுரு கேட்டார்.

"இடம் இருக்கா, மகள்?"

"அப்பா..." என்றாள். பின்னால் ஓடிவந்த முஆஸ் கதவை அகலத் திறந்தான்.

"என்ன கேள்வி மாமா இது? உள்ளுக்கு வாங்க. மாமி, வாங்க!"

பேதுரு கேக் பெட்டியை அவனிடம் நீட்டினார். மார்த்தா பெட்டியையே பார்த்தாள். இதுவும் திரும்பி வந்தால்?

"துணிஞ்சு சாப்பிடுங்க, முஆஸ். இதில ஒரு சொட்டுப் பிரண்டி இல்ல. போன வருஷம் முப்பது வருஷப் பழக்கத்தில பிரண்டி ஊத்தின கேக்கையே இந்த வீட்டுக்கு அனுப்பிட்டா இவ. ஏன் திரும்பி வந்தது என்டு ஜோர்ஜ் எனக்குச் சொன்னான். இவவோ, மகளுக்குக் கோபம் என்டு வருஷம் முழுக்கக் களவா அழுதா. நானும் நித்திரை மாதிரிப் படுத்துக் கிடந்தன்."

மார்த்தா புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அப்ப... அந்தப் போத்தல்?"

பேதுரு பேரனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாழைமரம் குடிச்சுது. ஏச்சு நான் வாங்கினன்."