மஞ்சள் போடாத கோழி

மஞ்சள் டப்பாவுக்குக் கை போனது. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

இதற்கு மஞ்சள் கிடையாது. மிளகாய் கிடையாது. வெங்காயம்கூடக் கிடையாது.

சோயா சாஸ், சர்க்கரை, இஞ்சிச் சாறு, ஒரு மூடி வினிகர். அவ்வளவுதான்.

காலையில் கறிக்கடைக்காரர் இரண்டு முறை கேட்டுக்கொண்டார், தோலோடுதானே என்று. தொடைக்கறியில் எலும்பை எடுத்துத் தரச் சொன்னாள்.

"விருந்தாளிங்களாக்கா?"

"ஆமா. ஜப்பான்ல இருந்து."

அவர் கத்தி ஒரு கணம் நின்றது. அவருக்குத் தெரியும். ஈரோட்டில் அந்தத் தெருவுக்கே தெரியும். பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

வாணலியை வைப்பதற்கு முன் கைபேசியை எடுத்தாள். ஐந்து மாதமாகத் திறக்காத குரல் பதிவு. ஒரு நிமிடம் பன்னிரண்டு வினாடி.

"ரொம்ப ஈஸிம்மா. தோல் பக்கம் கீழ இருக்கோணும். எண்ணெய் ஊத்தாதே. தோல்ல இருந்தே கொழுப்பு எறங்கும். கிண்டாதே. நீ சும்மா சும்மா கிண்டுவே, எனக்குத் தெரியும்..."

பதிவில் அந்த இடத்தில் அவள் மகன் செழியன் சிரித்தான்.

அவள் கிண்டவில்லை. கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டு, முந்தானையில் இரண்டு கையையும் சுற்றிக்கொண்டு நின்றாள்.

தோல் சிவந்தது. திருப்பிப் போட்டாள். சாஸை ஊற்றியதும் நுரைத்துப் பொங்கி, கறுத்து, பாகாக இறங்கியது.

முன்னறையிலிருந்து அவள் கணவர் நல்லசிவம் எட்டிப் பார்த்தார்.

"என்ன புள்ள, கறி வாசம் பாயாசமாட்ட இருக்குது?"

"அவன் அங்க இப்படித்தான் ஆக்குவானாமாங்க."

அவர் திரும்பிப் போனார்.

பன்னிரண்டு மணிக்குக் கார் வந்தது.

மொரிதா அம்மாளுக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். நகோயாவில் செழியன் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி. அவர் கீழே, இவன் மாடியில். விடிந்து வெகுநேரமாகியும் மாடி விளக்கு அணையாததைப் பார்த்துக் கதவைத் தட்டியவர் அவர்தான். திறந்து பார்த்தவரும் அவர்தான். இதயம் நின்றுவிட்டது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அவனுக்கு முப்பத்தொரு வயது.

அவனைப் பெற்றவர்களைப் பார்க்க வேண்டும் என்று மொரிதா தானாகவே புறப்பட்டு வந்திருந்தார். பேசுவதை மொழிபெயர்த்துச் சொல்ல, ஜப்பானிய மொழி படித்த ரூபன் என்ற இளைஞன் சென்னையிலிருந்து கூட வந்திருந்தான்.

செழியன் படத்தின் முன் மொரிதா குனிந்தார். குனிந்தவர் நிமிர வெகுநேரம் ஆனது.

சாப்பிட உட்கார்ந்தார்கள்.

முதல் துண்டை வாயில் வைத்ததும் மொரிதா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சொன்னார்.

"செழியன் செய்யுற மாதிரியே இருக்குன்னு சொல்றாங்கம்மா," என்றான் ரூபன்.

அவள் தலையாட்டினாள்.

நல்லசிவம் தட்டைப் பார்த்தபடி இருந்தார். சோற்றை இந்தப் பக்கம் ஒதுக்கினார். பிறகு அந்தப் பக்கம். ஐந்து மாதமாக அவர் சாப்பாடு இப்படித்தான். கொஞ்ச நேரம் ஒதுக்கிக்கொண்டிருந்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவார்.

அவளிடம் ஒரு கேள்வி இருந்தது. தூதரகத்திலிருந்து பேசியவர்களிடம் அதைக் கேட்க முடியவில்லை. கம்பெனிக்காரர்களிடமும் முடியவில்லை. இதையா கேட்பது என்று நினைப்பார்கள்.

"தம்பி, இவங்ககிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லோணும்."

"சொல்லுங்கம்மா."

"அன்னிக்கு ராத்திரி எம்பையன் சோறு உண்டானா?"

ரூபன் கேட்டான்.

மொரிதா கரண்டியைக் கீழே வைத்தார். மெதுவாக, நெடுநேரம் பேசினார். பேசப் பேசக் கைகள் மேலெழுந்தன. ஒரு கை, அங்கே இல்லாத ஒரு சோற்றுப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தது. இன்னொரு கை அடியிலிருந்து உயர்ந்து விளிம்பில் வந்து நின்றது. அந்த விளிம்பின்மேல் உள்ளங்கையைச் சமமாக ஓட்டிக் காட்டினார்.

யாரும் கரண்டி போடாத சோறு.

மூடியை மூடினார். கைகள் மடியில் விழுந்தன.

ரூபன் நல்லசிவத்தைப் பார்த்தான். அவர் இன்னும் தலை நிமிரவில்லை. விரல்கள் மட்டும் சோற்றில் அசையாமல் நின்றிருந்தன.

"சாப்ட்டுதான் படுத்திருக்காரும்மா," என்றான் ரூபன். "தட்டுகூட கழுவி வெச்சிருந்துச்சாம்."

நல்லசிவம் அப்போதுதான் நிமிர்ந்தார்.

"கேட்டியா புள்ள? உண்டுட்டுத்தான் படுத்திருக்கான்."

அவள் மொரிதாவின் மடியில் கிடந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க," என்றாள்.

நல்லசிவம் கறியில் ஒரு துண்டைப் பிய்த்தார். சோற்றோடு பிசைந்து வாயில் வைத்தார். மென்றார். விழுங்கினார். அடுத்த வாய்க்குக் கை தானாகப் போனது.

அவள் சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவர் தட்டில் ஒரு கரண்டி போட்டாள். ரூபனின் தட்டில் இரண்டு.

அவன் தட்டின்மேல் கையை விரித்து மறித்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"போதும்மா."

"உண்ணுங்க தம்பி," என்றாள். "பசியோட போகக் கூடாது."