மருந்துத் தண்ணி

எத்திராஜ் உதைத்த உதையில் பின்னறைக் கதவின் தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது. அது அவனுடைய சொந்த வீட்டுக் கதவு. அதைப் பற்றி யோசிக்கிற நிலையில் அவன் இல்லை.

உள்ளே பீம்ராவ் தரையில் குந்தியிருந்தான். முன்னால் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் டிக்காஷன் நிறத்தில் மருந்துத் தண்ணி. செம்பு பூசிய அட்டை ஒன்றை அதில் போட்டு, தட்டை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தான்.

"எய்ந்திருடா! ஆத்துல மீனெல்லாம் செத்து மெதக்குது, நீ இன்னாடான்னா ஜாலியா மருந்த ஆட்டிகினுகீற!"

பீம்ராவ் வியாசர்பாடிக்காரன். திருவொற்றியூரில் வேலை, நெட்டுக்குப்பத்தில் எத்திராஜின் பின்னறையில் குடித்தனம். லீவு நாளானால் இந்த வேலைதான். பழைய ரேடியோவில் கண்ணாடி வால்வு எரியுமே, அந்த வால்வில் கேட்டால்தான் பாட்டு பாட்டாக இருக்கும் என்று அலைகிற பைத்தியங்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் கட்டிக்கொள்ள, இவன் இந்தச் செம்பு அட்டையில் சர்க்யூட் போர்டு செய்து அனுப்புவான். கோடு வரைந்த இடத்தில் மட்டும் செம்பு நிற்கும். மிச்சத்தை மருந்து தின்றுவிடும்.

செம்பையே தின்கிற மருந்து மீனை விட்டுவைக்குமா? காலையிலிருந்து எத்திராஜின் மண்டைக்குள் ஓடியது இதுதான்.

மீன் முதலில் மிதந்தது பாலத்துக்கு அந்தப் பக்கம், கம்பெனிகள் கழிவு விடுகிற இடத்தில். ஒரு பின்னறைத் தண்ணீர் அவ்வளவு தூரம் போய் அத்தனை மீனைக் கொல்லாது. அது எத்திராஜுக்கும் தெரியும். ஆனால் எத்தனை மனு, எத்தனை மறியல்! எவன் வந்து பார்த்தான்? கம்பெனிப் புகைபோக்கியின் சட்டையைப் பிடித்து உலுக்க முடியாது. பீம்ராவின் சட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

பிடித்தான்.

அவன்மேல் ஏற்கெனவே ஒரு கடுப்பு உண்டு. குடிவந்த புதிதில், கேட்காமல் கொள்ளாமல், அறையின் சாக்கடைத் துவாரத்தைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டான். என் வீட்டுத் துவாரத்தை அடைக்க நீ யாருடா? எத்திராஜின் பெண்டாட்டி பூவம்மாதான், "வுடுய்யா, நல்ல புள்ள" என்று அடக்கினாள். அவளுக்கு அவன் செல்லம். வீட்டில் எண்ணெய் கேன் காலியானால் கழுவி அவனிடம் கொடுத்துவிடுவாள். எதற்கென்று கேட்டதில்லை.

இப்போது பூவம்மா ஆற்றில் நிற்கிறாள். மேலே எல்லாம் செத்துப்போனாலும், வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி ஒரு மடுவில் மட்டும் இறால் இன்னும் உயிரோடு இருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில், இறால் போடுகிற ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அடுப்பு எரிந்தால் அதில்தான் எரியவேண்டும்.

அதையும் சாகடிக்கப் பார்க்கிறானா இவன்?

பின்கதவைத் திறந்தால் கருங்கல் சரிவு, அதன் காலடியில் ஆறு. எத்திராஜ் கைக்குக் கிடைத்ததையெல்லாம் சரிவில் வீச ஆரம்பித்தான். மருந்துத் தட்டை மட்டும் தொடவில்லை. அது ஆற்றுக்குப் போகக்கூடாது என்கிற புத்தி அந்த ஆத்திரத்திலும் இருந்தது.

முடித்து அடுக்கியிருந்த போர்டுகள் போயின. டிரான்ஸ்ஃபார்மர் போனது. பஞ்சு வைத்துப் பெட்டியில் படுக்க வைத்திருந்த வால்வுகள் கல்லில் விழுந்து டப் டப்பென்று வெடித்தன.

பீம்ராவ் சுவரோரம் நின்று பார்த்தான். எத்திராஜுக்கு அதுதான் இன்னும் எரிந்தது. திட்டினால் திருப்பித் திட்டவேண்டாமா? மனுஷன்தானே?

கட்டிலுக்கு அடியில் வாய் தைத்த கோணிகள் வரிசையாக இருந்தன. எத்திராஜ் குனிந்து ஒன்றை இழுத்தான்.

பீம்ராவ் பாய்ந்து வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டான்.

"ஐயோ, வாணாம்ணா! எல்லாத்தையும் ஒடச்சிக்கோ, இத்த மட்டும் தொடாதண்ணா!"

ஓகோ. உயிர் இதில்தான் இருக்கிறதா?

எத்திராஜ் காலை உதறினான். கோணி கனமாகத்தான் இருந்தது. ஆனால் வலை இழுத்த கை அது. உள்ளே என்ன என்று பார்க்கவில்லை. ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது என்று கட்டிலுக்கு அடி காலியாகும்வரை, பல்லைக் கடித்துக்கொண்டு வீசினான்.

வீசி முடித்துவிட்டுத்தான் வெளியே பார்த்தான்.

கோணிகள் கல்லில் கிழிந்து கிடந்தன. உள்ளே இருந்தவை பூவம்மா கொடுத்த எண்ணெய் கேன்கள். ஒவ்வொன்றின் மூடிக்கும் மெழுகு ஊற்றி, மேலே துணி சுற்றி, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. உடைந்த கேன்களிலிருந்து கறுப்பும் பச்சையுமாக வழிந்து, கல்லிடுக்கு வழியே ஆற்றுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

எத்திராஜ் திரும்பித் தட்டைப் பார்த்தான். பிறகு, சிமெண்ட் வைத்து அடைத்திருந்த துவாரத்தைப் பார்த்தான். வந்த நாளிலிருந்து செம்பு தின்ற மருந்து அத்தனையும், ஒரு சொட்டு வெளியே போகாமல், இந்தக் கட்டிலுக்கு அடியில்தான் இருந்திருக்கிறது. அதன் மேலேதான் அவன் படுத்துத் தூங்கியிருக்கிறான்.

பீம்ராவ் திட்டுவதற்குக்கூட நிற்கவில்லை. வெறுங்காலோடு கண்ணாடித் தூளை மிதித்துக்கொண்டு சரிவில் ஓடினான்.

"யக்கா! மேல வா! தண்ணிய வுட்டு மேல வாக்கா!"

நீர் வற்றி, ஆறு கடல் பக்கம் இழுக்கிற நேரம். எல்லாம் பூவம்மா நிற்கிற பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பூவம்மா நிமிர்ந்தாள். என்ன கிடைத்தது என்று கேட்பதாக நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. வாயில் பறி இருந்ததால் பேச முடியவில்லை. பின்வாசலில் நின்ற எத்திராஜைப் பார்த்து, துள்ளுகிற ஒரு இறாலை உயரத் தூக்கிக் காட்டினாள்.