கமலாக்ஷி சேச்சியின் தூக்குவாளி

"யார்கிட்டயும் சொல்லிடாதே வீரா. கமலாக்ஷி சேச்சி தைக்கிற கட்டத்தை எல்லாம், அவங்க போனதும் நான் பிரிச்சு மறுபடி தைக்கிறேன்."

மாளவிகா இதைத் தோழி வீரலட்சுமியிடம் சொன்னபோது அந்த ரகசியத்துக்கு வயது ஒரு வருஷம். மட்டாஞ்சேரியில் அதைக் கேட்காத காது வீரலட்சுமியுடையது மட்டும்தான் பாக்கி.

"பாவம், அவங்க மனசு நோகக் கூடாது பாரு" என்று சேர்த்துக்கொண்டாள் மாளவிகா.

அவளுக்குக் குவில்ட் பைத்தியம். மிச்சத் துணிகளைக் கட்டம் கட்டமாக வெட்டி, ஒன்றோடு ஒன்று சேர்த்துப் போர்வையாகத் தைப்பாள். தெருவில் போகிறவர் சட்டையைப் பார்த்தால்கூட, "கிழிஞ்சதும் எனக்குத் தருவீங்களா?" என்று கேட்க வாய் துறுதுறுக்கும். கணவன் விஸ்வநாத் புதுச் சட்டை வாங்கினால் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை ஆபீசுக்கு எடுத்துப் போய்விடுவான்.

ஞாயிறுதோறும் தோழிகள் அவள் வீட்டில் கூடுவார்கள். தையல், அரட்டை, பிறகு மாளவிகாவின் சமையல்.

அவர்களில் மூத்தவளான கமலாக்ஷி சேச்சி வைப்பின் தீவிலிருந்து ஜங்கார் படகு ஏறி இக்கரைக்கு வருவாள். வந்ததும் நேரே அடுக்களைக்குள் போய்விடுவாள்.

"அங்கே என்னக்கா பண்றாங்க?" என்றாள் வீரலட்சுமி.

"தண்ணி குடிக்கிறாங்களாம்! அதுக்குத் தூக்குவாளி எதுக்கு? மிச்சத்தை வாரிக்கிட்டுப் போகத்தான். போகட்டும். என் புளிசேரின்னா யாருக்குத்தான் ஆசை இருக்காது?"

அது என்னவோ உண்மைதான். அவளுடைய மாம்பழப் புளிசேரி என்கிற தித்திப்பு மோர்க்குழம்பு ஒரு ஞாயிறும் மிஞ்சியதில்லை. இத்தனைக்கும் ருசி பார்க்காமலே சமைப்பாள். சாமிக்குப் படைக்கும் முன் நாக்கில் வைக்கக் கூடாது என்பது அவள் வீட்டு வழக்கம். படைத்த பிறகோ குவில்ட் நினைப்பில் மறந்துவிடும். எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் தான் சாப்பிடும்போது, 'என் கைக்கு ஒரு ருசி' என்று தன்னையே மெச்சிக்கொள்வாள்.

இந்தத் தடவை விஷயம் பெரிது. பஜார் ரோட்டின் பழைய மிளகுக் கிடங்கில் கைவேலைக் கண்காட்சி. அதை நடத்தும் அம்மிணி மேடம் குவில்ட்டைப் பார்க்க ஞாயிறன்று வீட்டுக்கே வருகிறார். பிடித்துவிட்டால் அதற்கென்று ஒரு முழுச் சுவர்!

மேடம் முன்னால் சேச்சி ஊசியைத் தொட்டால் தீர்ந்தது கதை. மாளவிகா போனை எடுத்தாள்.

"சேச்சி, இந்த வாரம் உங்களுக்கு எதுக்கு அலைச்சல்? மேடம் சாப்பிட வர்றாங்க. நாங்களே பாத்துக்கறோம்."

"சாப்பிடவா?" சேச்சியின் குரல் எகிறியது. "ஆரு சமைக்கிறா?"

"நான்தான்."

"ஐயோ... மோளே, ஓட்டல்லேருந்து வரவழைச்சுக்கலாமே?"

"என் கைப்பக்குவத்தைக் காட்ட வேண்டாமா?"

சேச்சி பட்டென்று போனை வைத்துவிட்டாள். 'கூப்பிடலைன்னு வருத்தம் போல' என்று நினைத்துக்கொண்டாள் மாளவிகா.

ஞாயிறன்று அம்மிணி மேடம் குவில்ட்டைக் கட்டிலில் விரித்துத் தடவிப் பார்த்தார்.

"இத்தனை பேர் சேர்ந்து தைச்சதா? ஒரே கை தைச்ச மாதிரி இருக்கே!"

வீரலட்சுமிக்கு இருமல் வந்துவிட்டது.

"முதல்ல சாப்பிடலாம். அப்புறம் பேசுவோம்" என்றார் மேடம்.

இலையில் புளிசேரி விழுந்தது. மேடம் ஒரு வாய் வைத்தார். கண்கள் மூடிக்கொண்டன. ரசிக்கிறார் என்று மாளவிகா பூரித்தாள். மூடிய கண்கள் திறக்கவே இல்லை. கை மட்டும் துழாவித் தண்ணீர் டம்ளரைப் பிடித்து, ஒரே மூச்சில் காலி செய்தது.

வீரலட்சுமியும் ஒரு வாய் வைத்தாள். "அக்கா, கடல் பக்கத்துலதான் இருக்கு. அதுக்காக அதையா மொண்டு ஊத்துவீங்க?" என்று காதோரம் கிசுகிசுத்தாள்.

மாளவிகா அடுக்களைக்கு ஓடினாள். சட்டியில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு! இரண்டு தரம் போட்டிருக்கிறாள்.

படாரென்று பின்கதவு திறந்தது. மூச்சிரைக்க நின்றாள் கமலாக்ஷி சேச்சி.

"பரிமாறிட்டியா? சதிச்சிட்டியே மோளே! ஜங்கார்ல ஒரே கூட்டம். நகரு, நகரு!"

தூக்குவாளியின் மூடி திறந்தது. உள்ளே அரைத்த தேங்காய், கெட்டித் தயிர். பொட்டலத்தில் வெல்லம். எல்லாம் சட்டிக்குள் போயிற்று. கரண்டி சுழன்றது, கடுகு வெடித்தது. சேச்சி ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள்.

"இப்போ கொண்டு போ."

கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் மேடத்தின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. "சுவர் உங்களுக்குத்தான் மாளவிகா! இன்னும் கொஞ்சம் புளிசேரி இருக்கா?"

காலிக் கிண்ணத்தோடு திரும்பி வந்தாள் மாளவிகா. முகம் சிவந்திருந்தது.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையுமா சேச்சி?"

சேச்சி தூக்குவாளியைக் கழுவிக்கொண்டே தலையாட்டினாள்.

மாளவிகா கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இது... வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஆருக்கும் தெரியாது மோளே." சேச்சி கண்ணைச் சிமிட்டினாள். "என் தையலை நீ பிரிச்சுத் தைக்கிறது போலத்தான். நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும்."