பெயர் வராத ஏரி

நவரைப் பட்ட நெல் நடவுக்கு முன்னால் எந்தெந்த ஏரி நிரம்பியிருக்கிறது என்று குன்றின்மேல் ஏறிப் பார்ப்பது எங்கள் ஊர் வழக்கம். இந்த மார்கழியில் என் மனைவி திலகாவும் கூட வந்தாள். நான் கூப்பிடவில்லை. ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"அம்மாவும் வரட்டுமே?" என்று நான் கேட்டதற்கு, "அவங்க வூட்டப் பாத்துக்கினு இருக்கட்டும்" என்றாள்.

உச்சியில் பனி விலகியதும் ஒவ்வொரு ஏரியாகக் கை நீட்டிப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒன்றுக்கு மட்டும் பெயர் வரவில்லை. அதற்குக் கரை இல்லை, மதகு இல்லை. நடுவில் எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டி, தூண்கள் பாதி மூழ்க நின்றது.

"அது நம்ம ஊரு கீற எடமாச்சே?"

"ஆமா," என்றாள் திலகா. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அம்மாவுக்குப் போன் செய்தேன். உடனே எடுத்தாள்.

"தண்ணியா? இன்னா நைனா சொல்ற? வாசல்ல நெல்லு காயப்போட்டுக்கினு கீறேன்."

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே, கூழைக்கடாப் பறவைகள் கால்களை முன்னால் நீட்டியபடி எங்கள் தெரு இருக்கும் இடத்தில் இறங்கி மிதந்தன.

நான் மலையிறங்கப் புறப்பட்டேன். திலகா தூக்குப் பாத்திரத்தைத் திறந்தாள். ராத்திரிக்கும் சேர்த்தே சோறு கட்டியிருந்தாள்.

"குந்து மாமா," என்றாள். "அந்த ஏரி இன்னும் ரொம்பல."